கூட்டம் சேர்ப்பது கையா, கொடியா?

2013 ஏப்ரல் 13. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் குத்துச்சண்டையின் இரண்டு உலகச் சாம்பியன்கள் மோதினார்கள். ஒருவர் கியூபாவின் கில்லர்மோ ரிகாண்டோ, 2000, 2004 ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம் வென்றவர். மற்றவர் பிலிப்பைன்ஸில் பிறந்த நொனிட்டோ டொனேர். முந்தைய ஆண்டு நான்கு சண்டைகளிலும் வென்றதால் அமெரிக்கக் குத்துச்சண்டை எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 10-வது ரவுண்டில் ஒருமுறை கீழே விழுந்ததைத் தவிர, சண்டை முழுக்க ரிகாண்டோவின் பிடியில்தான் இருந்தது. மூன்று நடுவர்களும் அவருக்கே வெற்றி கொடுத்தார்கள். ஆனால் அரங்கத்தில் கேட்டது கைதட்டல் இல்லை, கூச்சல். அதன்பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அவர் மேல் ஆர்வம் குறைந்தது. அடுத்த ஆண்டு அவர் சண்டை போட்டது சீனாவின் மக்காவ் நகரிலும் ஜப்பானிலும்.

இதற்கு நான்கு மாதம் முன்புதான் இன்னொரு பிலிப்பைன்ஸ் வீரர், மேனி பாக்கியாவ், மெக்ஸிகோவின் மார்க்கெஸிடம் 6-வது ரவுண்டில் ஒரே குத்தில் முகம் குப்புற விழுந்து அசையாமல் கிடந்தார். அவருடைய புகழுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2015 மே 2-ஆம் தேதி அவர் அமெரிக்காவின் ஃபிளாய்ட் மேவெதருடன் மோதியபோது, அமெரிக்காவில் மட்டும் சுமார் 46 லட்சம் பேர் வீட்டிலிருந்தே காசு கட்டிப் பார்த்தார்கள். குத்துச்சண்டையில் அப்படி ஓர் எண்ணிக்கை அதற்கு முன் வந்ததில்லை.

ஜெயித்தவர் ஓரங்கட்டப்பட, விழுந்தவர் கொண்டாடப்படுகிறார் என்றால் திறமைக்கு என்னதான் மதிப்பு? நாடுதான் எல்லாமா? ரசிகர்கள் பல காலமாக அடித்துக்கொள்ளும் கேள்வி இது. உளவியலிலும் பொருளாதாரத்திலும் இதற்குத் தொடர்புள்ள ஆய்வுகள் நிறைய உண்டு. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் விடை கொஞ்சம் தெளிகிறது.

முதலில் திறமை. புகழ் கிடைக்க வேண்டுமென்றால் திறமை இருந்தால் மட்டும் போதாது, அது பார்க்கிறவர் கண்ணில் பட வேண்டும். குத்துச்சண்டையின் உயர்ந்த திறமைகள் பெரும்பாலும் கண்ணில் படாத வகை.

மேவெதரின் தற்காப்பையே எடுத்துக்கொள்வோம். இடது தோளைத் தூக்கித் தாடையை மறைத்துக்கொள்வார். இடது கை வயிற்றுக்குக் குறுக்கே கிடக்கும், வலது கை கன்னத்தை ஒட்டி நிற்கும். எதிராளி வலது கையை நேராக விடுவார். மேவெதர் இடுப்புக்கு மேலே உடம்பைச் சில அங்குலம் வலப்பக்கம் திருப்புவார், அவ்வளவுதான். குத்து தோளில் பட்டு வழுக்கிப் போகும். அந்தத் திருப்பத்திலேயே அவருடைய எடை பின்காலில் இறங்கியிருக்கும். அங்கிருந்து அவருடைய வலது கை கிளம்பும்போது எதிராளியின் கை இன்னும் திரும்பி வந்திருக்காது. எல்லாம் ஒரு நொடிக்குள். கூட்டத்துக்குக் கேட்பதோ, கிளவுஸ் தோளில் பட்ட 'தொப்' என்ற சத்தம் மட்டும். அடி விழுந்துவிட்டது என்று நினைத்து அடித்தவருக்குக் கை தட்டுவார்கள்.

1973-இல் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் சதுரங்க ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 5 நொடி மட்டும் ஒரு பலகையைக் காட்டினார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலை என்றால் வல்லுநர்கள் பெரும்பாலான காய்களைச் சரியான இடத்தில் திரும்ப வைத்தார்கள். புதியவர்களால் சில காய்கள்தான் முடிந்தது. காய்களை மனம்போனபடி இறைத்துக் காட்டியபோது வல்லுநர்களின் மேன்மை ஏறக்குறைய காணாமல் போனது. அதாவது அவர்களுடைய நினைவாற்றல் நம்முடையதைவிடப் பெரிதல்ல, பல்லாயிரம் மணி நேரம் பார்த்துப் பழகிய வடிவங்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. ரிகாண்டோவின் காலசைவும் அப்படித்தான். பழகிய கண்ணுக்கு அது விருந்து, மற்றவர்களுக்கு 'இவர் ஏன் அடிக்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறார்' என்ற எரிச்சல். நாக் அவுட்டைப் புரிந்துகொள்ளப் பழக்கம் தேவையில்லை. கூட்டம் சேர்க்கும் திறமை என்று ஒன்று இருந்தால், அது தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற திறமைதான்.

நாட்டுக்கு வருவோம்.

1970-களின் தொடக்கத்தில் ஹென்றி டாஜ்ஃபெல் பிரிட்டனில் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாரைப் பிடிக்கிறது என்பதை வைத்துக் குழு பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் சும்மா பிரித்ததுதான். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. அப்படியிருந்தும், சிறு தொகையைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். தன் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட எவ்வளவு முன்னே இருக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. பெயரளவுக் குழுவுக்கே இந்தப் பாசம் என்றால், பிறந்த நாட்டுக்கு எவ்வளவு இருக்கும்!

1976-இல் ராபர்ட் சியால்டினியும் நண்பர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்னொன்றைக் கவனித்தார்கள். அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்த வாரத்தில், பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட சட்டைகள் வகுப்பறைகளில் அதிகமாகத் தென்பட்டன. ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் 'நாங்கள் ஜெயித்தோம்', தோற்றதைப் பற்றிக் கேட்டால் 'அவர்கள் தோற்றார்கள்' என்று சொல்வது கூடியது. தமிழில் இதற்கு ஆய்வே தேவையில்லை. 'நம்மாள்' என்ற ஒரு சொல் இந்த உளவியல் மொத்தத்தையும் சுமக்கிறது.

மற்ற விளையாட்டுகளில் 'நம்மாள்' ஆவதற்கு எத்தனையோ வழி: ஊர் அணி, கிளப், கல்லூரி. குத்துச்சண்டையில் கிளப் இல்லை, லீக் இல்லை. அரைக்கால்சட்டையும் கிளவுஸும் போட்ட ஒரு தனி மனிதர், அவ்வளவுதான். முன்பின் தெரியாத இருவர் வளையத்துக்குள் நிற்கும்போது யார் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்க, பார்வையாளருக்கு எளிதாகக் கிடைப்பது அவர்கள் வந்த நாடு. சண்டைக்கு முன் தேசிய கீதம் பாடுவதும், கால்சட்டையில் கொடி நிறத்தைத் தைப்பதும் வெறும் அலங்காரம் இல்லை. டிக்கெட் விற்கும் வேலையின் பாதி அங்கேதான் நடக்கிறது.

மெக்ஸிகோவைப் பாருங்கள். 1993 பிப்ரவரி 20 அன்று மெக்ஸிகோ நகரின் அஸ்டெகா மைதானத்தில் ஹுலியோ சீசர் சாவெஸ் சண்டை போட்டதைப் பார்க்க 1,30,000 பேருக்கும் மேல் வந்தார்கள். இன்றும் லாஸ் வேகாஸில் பெரிய சண்டைகளை மே 5, செப்டம்பர் 16 ஆகிய நாட்களை ஒட்டிய வார இறுதியில்தான் வைக்கப் பார்க்கிறார்கள். இரண்டுமே மெக்ஸிகோ மக்கள் கொண்டாடும் நாட்கள். கனேலோ ஆல்வரெஸ் அந்தத் தேதிகளைத் தன் சொத்தாகவே ஆக்கிக்கொண்டார்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெரிலின் புரூவர் என்ற உளவியலாளர் 1991-இல் சொன்னது: கூட்டத்தோடு சேர்ந்திருக்கவும் ஆசை, கூட்டத்திலிருந்து வேறுபட்டுத் தெரியவும் ஆசை, மனிதனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். அதனால்தான் மிகப் பெரிய குழுக்கள் மனதைப் பிடிப்பதில்லை. எனக்குத் தெரிந்தவரை, அமெரிக்க வீரர்களுக்கு அமெரிக்காவிலேயே கூட்டம் சேர்ப்பது ஏன் கடினம் என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் இல்லை. எதிரில் இருப்பவரும் அமெரிக்கர், பார்ப்பவரும் அமெரிக்கர் என்றால் 'அமெரிக்கர்' என்பதற்கு என்ன பொருள்? அதே அரங்கில் உட்கார்ந்திருக்கும் மெக்ஸிகோக்காரருக்கும் போர்ட்டோ ரிக்கோக்காரருக்கும் தங்கள் வீரர்தான் அந்த இரவில் தங்கள் முகம்.

குழு உணர்வு எப்போது விழிக்கும் என்பதை எதிராளியும் தீர்மானிக்கிறார். இதற்கு ஜோ லூயிஸை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1937-இல் அவர் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனபோது, கறுப்பின மக்களுக்கு அவர் உயிர். வெள்ளை அமெரிக்கர் பலருக்கு அவர் அப்படி இல்லை. அடுத்த ஆண்டு ஜூன் 22 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் எதிரே நின்றவர் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங். 1936-இல் லூயிஸை 12-வது ரவுண்டில் வீழ்த்தியவர், நாஜி அரசு தன் பெருமையாகக் காட்டிக்கொண்டவர். சுமார் 70,000 பேர் மைதானத்தில், கோடிக்கணக்கானோர் வானொலி அருகில். 124 நொடிகளில் சண்டை முடிந்தது. அன்றிரவு லூயிஸ் அமெரிக்காவின் ஆள். அவருடைய இடது கை நேர்க்குத்தும் வலது கையும் ஓராண்டுக்கு முன்பும் அதே கூர்மையில்தான் இருந்தன, மாறியது எதிரே இருந்த கொடி. இத்தனைக்கும் ஷ்மெலிங் நாஜிக் கட்சி உறுப்பினரே இல்லை. அவருடைய மேலாளர் ஒரு யூதர். அதே ஆண்டு நவம்பரில் யூதர்கள் மீது தாக்குதல் நடந்தபோது இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் அறையில் ஒளித்துக் காப்பாற்றினார். கொடியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் மேல் போர்த்தினார்கள்.

அப்புறம், 'நாடு' என்று நாம் சொல்வது பாஸ்போர்ட் இல்லை. அமெரிக்க வீரர் ஆஸ்கர் டி லா ஹோயாவின் பெற்றோர் மெக்ஸிகோவிலிருந்து வந்தவர்கள், அவர் வளர்ந்தது மெக்ஸிகோ மக்கள் நிறைந்த கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில். ஆனால் 1996-இல் அவர் சாவெஸுடன் மோத வந்தபோது, சொந்தப் பேட்டையிலேயே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். இந்தப் பக்கம் கசக்ஸ்தானின் கென்னாடி கொலோவ்கின். மெக்ஸிகோவோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அடி வாங்கினாலும் முன்னேறிக்கொண்டே இருக்கும் தன் ஆட்டத்தை 'மெக்ஸிகோ பாணி' என்று அறிமுகப்படுத்தினார். கலிஃபோர்னியாவின் மெக்ஸிகோ ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஆட்டத்தின் பாணியே இங்கே ஒரு குடியுரிமை மாதிரி வேலை செய்தது. திறமையும் நாடும் தனித்தனி டப்பாக்களில் இல்லை என்பது இங்கேதான் எனக்கு உறைத்தது.

இன்னும் ஒரு படி போகலாம். நாம் யார் பக்கம் என்பது, திறமையாக நமக்குத் தெரிவதையே மாற்றுகிறது. 1951-இல் டார்ட்மவுத், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் மோதிய முரட்டுத்தனமான ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் படத்தை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள் ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற ஆய்வாளர்கள். படம் ஒன்றுதான். டார்ட்மவுத் அணி செய்த தவறுகளாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது, டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப் போல் இரு மடங்குக்கும் மேல். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

நடுவர்களும் மனிதர்கள்தான். ஐரோப்பிய சாம்பியன்ஷிப் சண்டைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2005-இல் வந்தது. சமபலம் உள்ள இருவர் மோதும்போது, சண்டை நாக் அவுட்டில் முடிந்தால் சொந்த நாட்டில் ஆடுபவர் ஜெயிக்கும் வாய்ப்பு 57 சதவீதம். நடுவர் இடையில் நிறுத்தி முடிந்தால் 66. புள்ளிக் கணக்கில் முடிந்தால் 74. மனிதத் தீர்ப்பு எவ்வளவு நுழைகிறதோ, அவ்வளவு சாய்கிறது தராசு. பதிவேட்டில் 'வெற்றி' என்று ஏறுவதிலேயே ஊரின் குரல் கலந்திருக்கும்போது, அந்தப் பதிவேட்டைக் காட்டித் திறமைதான் புகழைத் தந்தது என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

அதற்காகத் திறமை பொருட்டே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2006-இல் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகியோர் 14,000-க்கும் மேற்பட்டவர்களை இணையத்தில் சேர்த்து, யாரும் கேள்விப்படாத 48 பாடல்களைக் கொடுத்தார்கள். சிலருக்குப் பிறர் எத்தனை முறை தரவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கை தெரியும், சிலருக்குத் தெரியாது. எண்ணிக்கை தெரிந்தவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்தார்கள். எந்தப் பாடல் உச்சிக்குப் போனது என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. ஆனால் மிகச் சிறந்தவை அதல பாதாளத்துக்குப் போவது அரிது, மிக மோசமானவை மேலே வருவதும் அரிது. நடுவில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். குத்துச்சண்டையில், அந்த முதல் சில ஆயிரம் 'தரவிறக்கங்களை' ஒரு வீரருக்குத் தருவது அவருடைய நாடு. அந்தக் கூட்டத்தைப் பார்த்து அடுத்த கூட்டம் வருகிறது.

எனவே நான் இதைக் கூட்டலாகப் பார்ப்பதில்லை, பெருக்கலாகப் பார்க்கிறேன். ரிகாண்டோவிடம் திறமை மலையளவு. ஆனால் 2009-இல் கியூபாவை விட்டுத் தப்பி வந்தவர், அவருக்குப் பின்னால் டிக்கெட் வாங்க ஒரு தேசம் வரவில்லை. மலையை எதனோடு பெருக்குவது? பாக்கியாவிடம் இரண்டும் இருந்தன: எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம், எவர் கண்ணுக்கும் தெரியும் வேகம், அதோடு உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் பிலிப்பைன்ஸ் மக்கள். ஒரு தோல்வியால் அந்தப் பெருக்குத்தொகை பெரிதாகக் குறையவில்லை.

பின்னால் தேசம் இல்லாதவருக்கு ஒரு வழி உண்டு: அடுத்தவருடைய தேசத்தை எதிரே நிறுத்திக்கொள்வது. 2007-இல் டி லா ஹோயாவோடு மோத மேவெதர் வளையத்துக்கு வந்தது மெக்ஸிகோவின் நிறங்களில், தலையில் மெக்ஸிகோ தொப்பியோடு. அவர் தோற்பதைப் பார்க்கவே லட்சக்கணக்கானோர் காசு கொடுத்தார்கள். காசு காசுதானே.

டெரன்ஸ் க்ராஃபோர்ட் அந்த வழியில்கூடப் போகவில்லை. நெப்ராஸ்காவின் ஒமஹா நகரத்துக்காரர், இந்தத் தலைமுறையின் மிகத் திறமையான சிலரில் ஒருவர். 2014-இல் சொந்த ஊரில் சண்டை போட்டபோது பத்தாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். ஊருக்கு அவர் நம்மாள். ஊர் எல்லையைத் தாண்டினால் அந்தக் கூட்டம் பல ஆண்டுகள் கூடவே வரவில்லை. 2025 செப்டம்பர் 13, மெக்ஸிகோ சுதந்திர நாளை ஒட்டிய சனிக்கிழமை. லாஸ் வேகாஸின் அலீஜியன்ட் மைதானத்தில் 70,000 பேருக்கும் மேல். பெரும்பகுதியினர் கனேலோவுக்காக வந்தவர்கள். தனக்குச் சொந்தமில்லாத அந்தக் கூட்டத்தின் நடுவே, இரண்டு எடைப் பிரிவுகள் மேலேறி வந்து, 12 ரவுண்டு க்ராஃபோர்ட் கனேலோவைப் படித்து முடித்தார். மூன்று நடுவர்களும் அவருக்கே வெற்றி எழுதினார்கள். அந்த இரவுக்குப் பிறகுதான், குத்துச்சண்டையைத் தொடர்ந்து பார்க்காத பலர் அவருடைய பெயரை முதல் தடவையாகக் கேட்டார்கள். அப்போது அவருக்கு வயது 37.