குடியரசுத் தலைவர் வேட்பாளருக்கு என்ன தகுதி வேண்டும்? மனுவை எப்படிப் பரிசீலிக்கிறார்கள்?

குடியரசுத் தலைவர் தேர்தல் அறிவிப்பு வந்ததும், பெரிய கட்சிகள் வேட்பாளரை முடிவு செய்வதற்கு முன்பே மனுவோடு போய் நிற்கிறவர்கள் உண்டு. 2022 தேர்தலில் நூற்றுக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. பரிசீலனை எல்லாம் முடிந்து களத்தில் நின்றது திரௌபதி முர்மு, யஷ்வந்த் சின்ஹா இருவர்தான். மற்றவர்கள் படிப்பு போதாமலோ அனுபவம் இல்லாமலோ கழிக்கப்படவில்லை. சட்டம் அவற்றைக் கேட்பதே இல்லை.

சட்டம் கேட்பது என்ன? அரசியலமைப்பின் 58ஆவது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது முடிந்திருக்க வேண்டும், மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதி இருக்க வேண்டும், ஆதாயம் தரும் பதவி எதிலும் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் பிறப்பாலேயே குடிமகனாக இருந்தால்தான் அதிபராகலாம். இங்கே அப்படி இல்லை, குடியுரிமையைப் பின்னால் பெற்றவரும் போட்டியிடலாம். அரசியல் அனுபவமும் தேவையில்லை. அப்துல் கலாம் அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை.

மூன்றாவது தகுதி மேலுக்குச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் பல விஷயங்களை உள்ளே வைத்திருக்கிறது. நாட்டின் ஏதாவது ஒரு மக்களவைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். குற்ற வழக்கில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், தீர்ப்பு நாளிலிருந்து, விடுதலையாகி ஆறு ஆண்டுகள் ஆகும் வரை மக்களவைக்குப் போட்டியிட முடியாது. அவரால் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நிற்க முடியாது.

ஆதாயப் பதவிதான் சண்டை வருகிற இடம். மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி அமைப்பு, இவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள அமைப்பு எதிலும் அப்படிப்பட்ட பதவியை வகிக்கக் கூடாது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், ஆளுநர், மத்திய, மாநில அமைச்சர்கள் ஆகியோருக்கு மட்டும் விலக்கு. எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ தாராளமாகப் போட்டியிடலாம். வென்று பதவியேற்கும் நாளில் அவர்களுடைய பழைய இடம் தானாகக் காலியாகிவிடும். 'நான் சம்பளமே வாங்கவில்லை' என்று சொல்லித் தப்பவும் முடியாது. உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சி அமைப்பின் தலைவராகவும் இருந்ததால் 2006இல் நடிகை ஜெயா பச்சன் தன் எம்.பி. பதவியை இழந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது, அவர் பணம் வாங்கினாரா என்பதை அல்ல. அந்தத் தலைவர் பதவியில் பணம் கிடைக்க வழி இருந்ததா என்பதைத்தான்.

2012இல் இதே கேள்வி பிரணாப் முகர்ஜி மேல் பாய்ந்தது. கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தலைவராக அவர் இருந்தார், அது ஆதாயப் பதவி, எனவே மனு செல்லாது என்று எதிர் வேட்பாளர் பி.ஏ. சங்மா பரிசீலனையின்போது ஆட்சேபம் எழுப்பினார். பிரணாப் தரப்பு, ராஜினாமா ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றது. தேர்தல் நடத்தும் அதிகாரி ஆட்சேபத்தை நிராகரித்தார். தேர்தல் முடிந்த பிறகு சங்மா உச்ச நீதிமன்றம் போனார். ஐந்து நீதிபதிகளில் மூவர் வழக்கை முழு விசாரணைக்கு எடுக்க மறுத்தார்கள். இருவர், விசாரிக்கத்தான் வேண்டும் என்றார்கள். சம்பளமில்லாத கௌரவப் பதவி ஒன்றுக்கே இந்தப் பாடு என்றால், வேட்பாளர்கள் ஏன் முன்கூட்டியே எல்லாப் பதவிகளையும் உதறிவிட்டு வருகிறார்கள் என்பது புரியும்.

சரி, மனுக்கள் கொத்துக் கொத்தாகத் தள்ளுபடி ஆவது எதனால்? பெரும்பாலும் கையெழுத்தால்தான். 1952ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டப்படி, 50 பேர் முன்மொழிய வேண்டும், இன்னும் 50 பேர் வழிமொழிய வேண்டும். நூறு பேரும் இந்தத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை உள்ள, அதாவது மக்களால் அல்லது சட்டமன்றங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட, எம்.பி., எம்.எல்.ஏ.க்களாக இருக்க வேண்டும். நியமன உறுப்பினர் கையெழுத்து கணக்கில் வராது. ஒருவரே இரண்டு வேட்பாளர்களுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், முதலில் தாக்கலான மனுவில் உள்ளதுதான் செல்லும். 2022இல் மொத்த வாக்காளர்கள் 4,809 பேர். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கையெழுத்துப் போட்டாலும் 48 வேட்பாளருக்கு மேல் தேறாது.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும், டெபாசிட்டும் கிடையாது. அதன் பலன் 1967இல் தெரிந்தது. 17 பேர் போட்டியிட்டதில் ஒன்பது பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அவர்களை முன்மொழிந்தவர்களே ஓட்டுப் போடவில்லை என்றுதானே அர்த்தம்! 1974இல் பத்துப் பத்துக் கையெழுத்தும் 2,500 ரூபாய் டெபாசிட்டும் வந்தன. 1977இல் வந்த 37 மனுக்களில் 36 தள்ளுபடியாகி, நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். 1997இல் ஐம்பது ஐம்பதாக உயர்த்தி, டெபாசிட்டை 15,000 ரூபாய் ஆக்கினார்கள். வெற்றிக்குத் தேவையான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அந்தப் பணம் போய்விடும். அதே ஆண்டு கே.ஆர். நாராயணனை எதிர்த்து நின்ற டி.என். சேஷனுக்கு அதுதான் நடந்தது. தேர்தல் விதிகளைக் காட்டி நாட்டையே மிரட்டிய முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்!

மனுவோடு வாக்காளர் பட்டியலில் தன் பெயர் உள்ள பகுதியின் சான்றிட்ட நகலையும் இணைக்க வேண்டும். அது இல்லையென்றால் மனு அங்கேயே தள்ளுபடி. மனுக்களை வாங்கிப் பரிசீலிப்பவர், மக்களவை அல்லது மாநிலங்களவையின் பொதுச் செயலாளர், தேர்தலுக்குத் தேர்தல் மாறி மாறி. எழுத்துப் பிழை போன்ற சின்னக் குறைகளுக்காக அவர் மனுவைத் தள்ளக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. வேட்பாளர் நல்லவரா, திறமைசாலியா என்று எடைபோடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அந்த வேலை ஓட்டுப் போடுகிறவர்களுடையது.

தேர்வானவருக்குத் தகுதி இல்லை என்று பின்னால் தெரிய வந்தால், உச்ச நீதிமன்றம் ஒன்றுதான் வழி. அங்கேயும் நீங்களும் நானும் நேராகப் போய்விட முடியாது. போட்டியிட்ட வேட்பாளர் போகலாம், அல்லது குறைந்தது 20 எம்.பி., எம்.எல்.ஏ. வாக்காளர்கள் சேர்ந்து போகலாம், அதுவும் முடிவு வெளியான 30 நாளுக்குள். வி.வி. கிரியின் 1969 வெற்றியை எதிர்த்து வந்த வழக்கில் அவர் பதவியில் இருக்கும்போதே நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார். வழக்கு தள்ளுபடியானது. ஒருவேளை தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும், அதுவரை வென்றவர் குடியரசுத் தலைவராகப் போட்ட கையெழுத்துகள் அத்தனையும் செல்லும். 71ஆவது பிரிவு அதற்கும் வழி செய்து வைத்திருக்கிறது.