வெந்தயத்தின் கொழகொழப்பு என்ன செய்கிறது?

ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவில் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் விதைகள் உப்பிப்போய், தண்ணீர் கொழகொழவென்று ஆகியிருக்கும். விரலால் தொட்டு எடுத்தால் நூல் மாதிரி இழுபடும். பாட்டி வைத்தியத்தில் வெந்தயத்துக்குச் சொல்லும் வேலைகளில் பாதி இந்தக் கொழகொழப்பின் வேலைதான்.

இது கேலக்டோமன்னான் என்ற கரையும் நார்ச்சத்து. மேனோஸ் என்ற சர்க்கரை நீளச் சங்கிலியாகக் கோத்திருக்க, கிட்டத்தட்ட ஒவ்வொரு கண்ணியிலும் கேலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை தொங்கும். அதனால் சங்கிலிகள் தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. நம் செரிமான நொதிகளால் இதை உடைக்க முடியாது. உணவுக்கூழ் குடலில் கெட்டிப்படுவதால், சர்க்கரை குடல் சுவரை மெதுவாகத்தான் எட்டும். சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை விர்ரென்று ஏறாது. மலச்சிக்கலுக்கு உதவுவதும் இதே நார்தான், கூடவே நிறையத் தண்ணீர் குடித்தால்.

விதையில் 4-ஹைட்ராக்சி ஐசோலூசின் என்ற அமினோ அமிலமும் உண்டு. சர்க்கரை அதிகமாக இருக்கும்போது இன்சுலின் சுரப்பை இது தூண்டுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. வெந்தயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

சர்க்கரையைத் தாமதிக்கும் அந்தக் கூழ், மாத்திரையையும் தாமதிக்கலாம். ஆகவே இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விடுவது நல்லது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தினமும் வெந்தயமும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கைநடுக்கம், வியர்வை வந்தால் கவனியுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வெந்தயம் பருப்புக் குடும்பம். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம்.

கர்ப்பிணிகள் சமையலில் சேரும் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். கரண்டி கரண்டியாக மருந்துபோல் வேண்டாம். தாய்ப்பால் கூடும் என்ற நம்பிக்கை பழையது, ஆய்வு முடிவுகளோ கலவையானவை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெந்தய வாசனைக்குக் காரணமான சோட்டலோன் வியர்வையிலும் சிறுநீரிலும் அப்படியே வெளிவரும். பிரசவத்துக்கு முன் தாய் வெந்தயம் சாப்பிட்டதால் குழந்தையின் சிறுநீர் மேப்பிள் பாகுபோல் மணந்து, அதே மணமுள்ள ஓர் அரிய பரம்பரை நோயோ என்று மருத்துவர்கள் பதறியது உண்டு.

அப்புறம், முளைகட்டிய வெந்தயம். 2011இல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் பலிவாங்கிய ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாத் தொற்றுக்குப் பெரும்பாலும் வெந்தய முளைகளே மூலம் என்ற முடிவுக்கு வந்தார்கள். விதையில் ஒட்டியிருக்கும் கிருமி, முளைக்கும் ஈரச் சூட்டில் மளமளவென்று பெருகும். கழுவினால் போகாது; நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.