ரத்தான விமானமும் பிசினஸ் வகுப்பு அம்மானும்: எது வழக்கம், எது உரிமை

ஜனவரி மாதம், டெல்லி விமான நிலையம். காலை ஆறு மணி ஆகியும் கண்ணாடிக்கு வெளியே வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியதுபோல மூடுபனி. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தில் நான்கு நாள் தங்கிவிட்டு அம்மான், ஆச்சி, நான் மூவரும் காரைக்குடி திரும்பிக்கொண்டிருந்தோம். ஆச்சி என்றால் எங்கள் பக்கம் அக்காள். அம்மானுக்கு மகன் எடுத்து அனுப்பிய பிசினஸ் வகுப்பு டிக்கெட். எங்கள் இருவருக்கும் ஊர் ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த சாதாரண வகுப்பு. சென்னை விமானம் ரத்து என்று பலகையில் எழுத்து மாறுவதற்குள் அம்மானின் கைபேசி ஒலித்துவிட்டது. பதினொரு மணி விமானத்தில் அவருக்கு இடம் போட்டாகிவிட்டது என்று செய்தி. எங்கள் கைபேசிகள் மூச்சு விடவில்லை.

"விமானம் இல்லையென்றால் எல்லாருக்கும்தானே இல்லை தம்பி? அவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?" என்று ஆச்சி கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. பலரும் இதை அரசு விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு விதி இந்தியாவில் கிடையாது. ரத்தான விமானத்தின் பயணிகளில் யாரை முதலில் வேறு விமானத்தில் ஏற்றுவது என்பது நிறுவனம் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட வழக்கம். உரிமை என்று எழுதி வைத்திருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கவுன்டரில் நிற்கும்போது கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்துவிடுகிறோம்.

முதலில் வழக்கம். ஒரு விமானம் ரத்தானதும் அதில் இருந்த நூற்று எண்பது பேருக்கும் ஓர் ஊழியர் உட்கார்ந்து இடம் தேடுவதில்லை. கணினிதான் தேடுகிறது. அது பயணிகளை வரிசைப்படுத்தும்போது பெரும்பாலும் முதலில் பார்ப்பது எந்த வகுப்பு டிக்கெட் என்பதை. அடுத்து, அந்த நிறுவனத்தின் அடிக்கடி பறப்போர் திட்டத்தில் கோல்டு, பிளாட்டினம் போன்ற தகுதி உண்டா என்பதை. பிறகு, இறங்கியதும் வேறு விமானம் பிடிக்க வேண்டியவரா என்பதை. டிக்கெட்டுக்குக் கொடுத்த விலை எந்தப் படியில் வருகிறது என்பதையும். உங்கள் டிக்கெட்டில் ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். அது அந்த விலைப் படியின் அடையாளம். ஒரே சாதாரண வகுப்பில், ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு இந்த எழுத்து வேறாக இருக்கலாம். தனியாகப் பயணம் செய்யும் குழந்தைகளையும் சக்கர நாற்காலி கேட்டவர்களையும் பல நிறுவனங்கள் தனியாக எடுத்துப் பார்க்கின்றன. இந்த வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வெளியே ஒட்டி வைக்க மாட்டார்கள்.

அம்மானுக்குச் செய்தி முந்தி வந்ததற்கு இது ஒரு காரணம். எங்களுக்கு வராமலே போனதற்குக் காரணம் வேறு, அதுதான் கேவலம். ஏஜென்ட் டிக்கெட் போடும்போது எங்கள் எண்ணுக்குப் பதிலாகத் தன் கடை எண்ணைக் கொடுத்திருந்தார். செய்தி காரைக்குடியில், பூட்டிய கடைக்குள் ஒலித்துக்கொண்டிருந்தது. இதை நான் சிறிய விஷயமாகச் சொல்லவில்லை. பயணி தன்னைத் தொடர்புகொள்ளும் விவரத்தைச் சரியாகத் தரவில்லை என்றால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று விதியிலேயே இருக்கிறது. ஏஜென்டிடம் டிக்கெட் எடுக்கிறவர்கள் காகிதத்தை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, எந்தக் கைபேசி எண் பதிவாகியிருக்கிறது என்பதை.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. பிசினஸ் வகுப்புக்காரருக்கு இடம் கொடுக்க, அடுத்த விமானத்தில் ஏற்கெனவே பதிவு செய்திருக்கும் சாதாரணப் பயணியை இறக்கிவிடுவார்கள் என்பது. பொதுவாக அப்படி நடப்பதில்லை. மிச்சமிருக்கும் காலி இடங்களுக்குத்தான் போட்டி. நேரத்துக்கு வந்து நின்ற, உறுதியான டிக்கெட் உள்ள ஒருவரை ஏற்ற மறுத்தால் அதற்கு விதி தனி. முதலில் தாமாக விட்டுக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று நிறுவனம் கேட்க வேண்டும். யாரும் இல்லாமல் ஒருவரை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் வேறு விமானத்தில் அவரை ஏற்றிவிட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் ஏற்றினால், ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இரு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதையும் தாண்டினால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000 ரூபாய். மாற்று விமானமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்ப வரும், அதற்கு மேல் அந்த நான்கு மடங்கும்.

இந்த விதிகளை வகுத்தது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், சுருக்கமாக டி.ஜி.சி.ஏ. 2010இல் முதலில் வந்தது. இப்போதுள்ள தொகைகள் 2016 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை.

ரத்து பற்றி அதில் இருப்பது இதுதான். புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம். இரண்டில் எது என்பது பயணிக்கு ஏற்புடையதாக இருக்க வேண்டும். அந்த "ஏற்புடையதாக" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருப்பவர் நீட்டுவதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. 24 மணி நேரத்துக்குள் சொன்னாலோ, சொல்லாமலே ரத்து செய்தாலோ இதற்கு மேல் இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000, இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய். அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது.

இங்கேதான் ஆச்சிக்குச் சிரிப்பு வந்தது. டெல்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். சாதாரண டிக்கெட்டின் அந்தக் கணக்கு 6,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கிடைப்பது 6,500. பிசினஸ் டிக்கெட்டில் அதுவே 38,000 என்றால் கிடைப்பது 10,000, அதற்கு மேல் ஒரு காசு வராது. வரிசையில் முன்னால் நிறுத்துகிற வகுப்பு, இழப்பீட்டில் கொடுத்த விலைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. விதிக்கு வகுப்புத் தெரியாது. உணவும் அப்படித்தான்: விமான நிலையத்துக்கு வந்துவிட்டு மாற்று விமானத்துக்காகக் காத்திருக்கும் எல்லாருக்கும் சாப்பாடும் சிற்றுண்டியும் நிறுவனத்தின் பொறுப்பு. கேட்டால் கூப்பன் வரும். கேட்காவிட்டால் பல இடங்களில் வராது.

ஆனால் எங்களுக்கு அன்று இழப்பீடு கிடையாது. மூடுபனி நிறுவனத்தின் கையில் இல்லை. வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், அரசு உத்தரவு, வானிலை போன்றவற்றால் ரத்தானால் இழப்பீட்டிலிருந்து மட்டும் விலக்கு உண்டு. மட்டும் என்பதுதான் முக்கியம். மாற்று விமானமோ பணமோ, காத்திருக்கும் நேரத்துச் சாப்பாடோ அதனால் போய்விடுவதில்லை. "வானிலைதான் சார், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்று கையை விரித்தால் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். எதனால் ரத்து என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் மூடுபனி என்றவர்கள், பின்னால் கேட்கும்போது வேறு காரணம் சொன்ன கதைகளும் உண்டு.

பிசினஸ் வகுப்புக்காரர்களுக்கென்று விதியில் இருக்கும் ஒரே தனிச் சங்கதி, கீழ் வகுப்புக்கு இறக்குவது. உள்நாட்டு விமானங்களின் முன்பகுதியில் எட்டோ பன்னிரண்டோ இருக்கைகள்தான் இருக்கும். ஒரு விமானம் ரத்தாகி அதன் பிசினஸ் பயணிகளை அடுத்ததில் ஏற்றப் பார்த்தால் அங்கே இடம் இருக்காது. அப்போது சாதாரண வகுப்பில் உட்கார வைப்பார்கள். 2023 பிப்ரவரி 15 முதல் இதற்குப் பணம் உண்டு. பயணியின் விருப்பமின்றி வகுப்பு இறக்கினால், உள்நாட்டுப் பயணத்துக்கு வரியும் சேர்த்த டிக்கெட் விலையில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்குத் தூரத்தைப் பொறுத்து மாறும். 1,500 கிலோமீட்டர் வரை 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சென்னை-கொழும்பு முப்பது, திருச்சி-சிங்கப்பூர் ஐம்பது, சென்னை-லண்டன் எழுபத்தைந்து. "பரவாயில்லை, எதிலாவது ஏற்றுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டால் விருப்பத்தோடு இறங்கியதாக எழுதிக்கொள்ளக்கூடும். வேறு வழி இல்லாமல் உட்காருகிறேன் என்று ஒரு மின்னஞ்சலாவது அனுப்பிவிட்டு உட்காருங்கள்.

ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்காக ஒரு வரி. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும் அவர்களுடைய சட்டம் பொருந்தும். அதில் முன்னுரிமை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்: நடமாட்டம் குறைந்தவர்களுக்கும், துணையின்றி வரும் குழந்தைகளுக்கும். பிசினஸ் வகுப்புக்கு அல்ல.

டெல்லிக்கு வருகிறேன். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று கவுன்டரை அடைந்தபோது அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "நாளை மாலை சென்னை, அங்கிருந்து மறுநாள் காலை திருச்சி" என்றார். ஆச்சி ஒரு கையில் கங்கைச் செம்புப் பையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மேசையைத் தொட்டு நின்றார்கள். காரைக்குடிக்காரனுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. எங்கள் ஊருக்கென்று பயணிகள் விமானம் கிடையாது. ஆனால் திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம். "திருச்சிதான் வேண்டும் என்றில்லை, மதுரை ஆனாலும் சரி, எந்த ஊர் சுற்றிப் போனாலும் சரி" என்றேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தட்டினார். மத்தியானம் ஹைதராபாத், அங்கிருந்து மாலையில் மதுரை, இரண்டு இடம் இருந்தது. முதலில் ஏன் அது வரவில்லை என்றால், கணினி டிக்கெட்டில் இருக்கும் ஊரைத்தான் தேடியிருக்கிறது. தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சென்னை, திருச்சி, மதுரை என்ற மூன்று நிலையங்களின் பெயரையும் வாயில் வைத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள்.

எங்கள் டிக்கெட் திருச்சி வரை ஒரே எண்ணில் இருந்ததும் உதவியது. டெல்லி-சென்னை ஒரு நிறுவனம், சென்னை-திருச்சி வேறொன்று என்று மலிவாக வெட்டி வெட்டி எடுத்திருந்தால், முதல் விமானம் ரத்தானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இணைப்பு விமானத்தைத் தவறவிட்டதற்கான பாதுகாப்பு ஒரே டிக்கெட்டில் இருக்கும் பயணத்துக்குத்தான்.

மாற்று விமானம் வேண்டாம், பணம் போதும் என்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பணத்தைத் திருப்பாமல், "அடுத்த பயணத்துக்கு வரவு வைத்திருக்கிறோம்" என்று செய்தி வரும். அப்படி வைப்பதா வேண்டாமா என்பது பயணியின் விருப்பம். நிறுவனம் தானாக அப்படிச் செய்யக் கூடாது. கிரெடிட் கார்டில் கட்டிய பணம் ஏழு நாளுக்குள் திரும்ப வேண்டும். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துடையதே.

தராவிட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். பிறகு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளம் இருக்கிறது. கைபேசிச் செயலியும் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். விமானம் டெல்லியில் ரத்தானாலும் காரைக்குடிக்காரர் சிவகங்கைக்குப் போனால் போதும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். டிக்கெட், ரத்துச் செய்தியின் படம், நிலையத்தில் வாங்கிய சாப்பாட்டு ரசீது, மூன்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

அன்று அம்மான் இரண்டு மணிக்குச் சென்னையில் இறங்கி, எழும்பூருக்கு ஓடி, பல்லவன் ரயிலைப் பிடித்துவிட்டார். நாங்கள் மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரில் வந்து சேர்ந்தபோது இரவு பத்தரை. அவர் குளித்துவிட்டு முகப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நான் முதல் வேலையாக ஏஜென்ட் கடைக்குப் போய், அவருடைய பதிவேட்டில் எங்கள் வீட்டுப் பெயருக்கு நேராக இருந்த எண்ணை அடித்துவிட்டு ஆச்சியின் எண்ணை எழுதிவிட்டு வந்தேன்.