உரமிட்ட மிளகாய்ச் செடி ஏன் வெளுத்தது?

பெங்களூரில் பிப்ரவரி மாதம் சாலையோர மரங்கள் இலையுதிர்க்கும் காலம். அல்சூரில் எங்கள் தெருவில் குவிந்து கிடந்த சருகுகளை வீணாக்க மனமில்லாமல் ஒரு கூடை அள்ளி வந்து, மொட்டை மாடியில் காய்த்துக்கொண்டிருந்த மிளகாய்ச் செடியின் தொட்டி மண்ணில் நன்றாகக் கிளறிக் கலந்துவிட்டேன். மூன்று வாரத்தில் செடியின் அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன. இது தழைச்சத்து (நைட்ரஜன்) குறைபாட்டின் அடையாளம். பற்றாக்குறை வரும்போது செடி தன் முதிய இலைகளில் உள்ள தழைச்சத்தைப் பெயர்த்தெடுத்துத் தளிர்களுக்கு அனுப்புவதால் வெளுப்பு கீழிருந்து தொடங்குகிறது. உரம் போட்ட பிறகு சத்து எப்படிக் குறையும் என்ற கேள்விக்கு விடை கண்டால் இயற்கைவழித் தோட்டக்கலையின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

வேர்கள் தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகவும் அம்மோனியமாகவும் உறிஞ்சுகின்றன. அந்த நைட்ரேட் யூரியாவிலிருந்து வந்ததா, சாணத்திலிருந்து வந்ததா என்று வேர் பார்ப்பதில்லை (இதைச் சொன்னால் இயற்கை வேளாண் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும்). சருகில் உள்ள தழைச்சத்தோ புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதைத் தின்று, தம் தேவை போக மிஞ்சுவதை விட்டால்தான் வேருக்குக் கிடைக்கும்.

அந்தத் தேவையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பாக்டீரியாவின் உடலில் ஏறத்தாழ 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு தழைச்சத்து இருக்கிறது. உண்ணும் கார்பனில் சுமார் மூன்றில் ஒரு பங்கை உடலாக்கிக்கொண்டு, மீதியைக் கரியமில வாயுவாக மூச்சில் விட்டுவிடுகிறது. 100 கிராம் கார்பன் உள்ள சருகை அது தின்றால், உடலில் சேரும் 33 கிராம் கார்பனுக்கு ஈடாக 4 கிராமுக்குச் சற்று மேல் தழைச்சத்து வேண்டும். சருகில் கார்பனும் தழைச்சத்தும் 60-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் கிடைப்பது 1.7 கிராம்தான். மீதி இரண்டரை கிராமைப் பாக்டீரியா மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்தப் போட்டியில் வேர் பெரும்பாலும் தோற்றுவிடும். விகிதம் 15-க்கு 1 என்ற அளவில் இருக்கும் காய்கறிக் கழிவைத் தின்னும்போது, அதே கணக்கில் இரண்டரை கிராம் மண்ணுக்கு மிஞ்சும். வரவும் செலவும் சரிக்கட்டும் இடம் ஏறக்குறைய 24-க்கு 1 ஆகும். மக்குக் குவியலைத் தொடங்கும்போது 25 முதல் 30 வரை இருக்கட்டும் என்று கையேடுகள் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. தென்னை நார்க்கழிவின் விகிதம் 100-ஐ ஒட்டியிருப்பதால், மக்க வைக்காத நார்க்கழிவை மட்டும் நிரப்பிய தொட்டியில் கீரைகூடத் தேறாது. டிகாக்ஷன் இறக்கிய பின் வடிகட்டியில் தங்கும் காப்பித் தூளின் விகிதமோ சுமார் 20. தமிழ்க் குடும்பங்களின் அடுப்படியில் நாள்தோறும் சேரும் நல்ல சரக்கு அது.

சருகையும் காய்கறித் தோலையும் கலந்து தனியாக மக்க வைப்பது இந்தச் சண்டையைத் தொட்டிக்கு வெளியே நடத்தி முடிப்பதற்காகத்தான். இதற்கு வேளாண் பாடநூல்களில் பெயர்பெற்ற இரண்டு வழிகளில் ஒன்று இந்தூர் முறை. 1924 முதல் 1931 வரை ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு அந்நகரில் உருவாக்கியது. குவியலை அவ்வப்போது புரட்டிக் காற்று புகச் செய்வது அதன் உயிர்நாடி. மற்றொன்று 1939-இல் சி.என்.ஆச்சார்யா நம் ஊரில் வகுத்த பெங்களூர் முறை. நகரக் குப்பையையும் மனிதக் கழிவையும் குழியில் அடுக்கடுக்காக நிரப்பிச் சேற்றால் பூசி மூடிவிட்டால், முதல் சில நாள்களுக்குப் பின் காற்றில்லாமலே மெதுவாக மக்கும். புரட்டும் வேலை இல்லை. தழைச்சத்து இழப்பும் குறைவு. ஆனால் ஆறு முதல் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அடுக்ககங்களில் நாம் கம்பால் கிளறிவிடும் தொட்டிகளில் நடப்பது இந்தூர் முறைதான் என்பது ஒரு வேடிக்கை.

சுமார் ஒரு கன மீட்டர் அளவுள்ள குவியலில் வெப்பம் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை ஏறி, களை விதைகளையும் நோய்க்கிருமிகளையும் அழிக்கும். பால்கனித் தொட்டியில் அந்தச் சூடு தங்காது. நாம் தூக்கிப்போட்ட தக்காளியின் விதைகள் மக்கிலிருந்து முளைத்து வருவதற்குக் காரணம் அதுவே. பெங்களூரின் குளிர்ந்த இரவுகளில் நுண்ணுயிர்களின் வேகமும் குறைவதால், சென்னையிலோ வேலூரிலோ இருக்கும் உறவினர் சொல்லும் நாள் கணக்கு இங்கே பொருந்தாது. நாற்றம் வந்தால் காற்றோ சருகோ போதவில்லை என்று பொருள். புதுமழையில் எழும் மண்வாசம் வந்தால் மக்கு பதமாகிவிட்டது.

நைட்ரேட், களிமண் இரண்டுமே எதிர்மின்னூட்டம் (நெகட்டிவ்) கொண்டவை, ஒன்றையொன்று விலக்குபவை என்பதால் தினமும் நீர் ஊற்றும் தொட்டியில் நைட்ரேட் எளிதில் வடிந்துபோகும். மண்ணில் உள்ள அம்மோனியம், நைட்ரேட்டாக மாறுவதை வேப்பம் புண்ணாக்கு மந்தப்படுத்தி இந்த இழப்பைக் குறைக்கிறது. 2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியபோது அரசு கையாண்டதும் இதே உத்திதான்.

சத்து மெதுவாகக் கிடைப்பதில் இன்னொரு நன்மை உண்டு. தழைச்சத்து மிகுந்து கொழுத்த தளிர்களை அசுவினியும் மாவுப்பூச்சியும் விரும்பும். மாவுப்பூச்சியை ஒழிக்கவும் உயிர்களையே வேலைக்கு வைக்கலாம் என்பதற்குப் பெரிய சான்று, 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைச் சீரழித்த பப்பாளி மாவுப்பூச்சி. பெங்களூரில் உள்ள, வேளாண் பூச்சிகளுக்கான தேசிய ஆய்வு நிறுவனம் 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து சிறு ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்துப் பெருக்கி விட்டது. அவை மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு அதன் பெருக்கத்தை அடக்கின. எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் அகன்ற வீச்சுள்ள பூச்சிக்கொல்லியைத் தெளித்திருந்தால் குளவிகளும் மடிந்திருக்கும்.

என் மிளகாய்ச் செடிக்கு, சுமார் 7 விழுக்காடு தழைச்சத்துள்ள கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் புளித்த நீரை நன்கு நீர்த்து இருமுறை ஊற்றினேன். வெளுத்த இலைகள் உதிர்ந்தன, புதியவை பச்சையாக வந்தன. சருகை மண்ணில் கலக்காமல் மூடாக்காக மேலே பரப்பியிருந்தால், அது மண்ணைத் தொடும் மெல்லிய படலத்தில் மட்டுமே தழைச்சத்துக்கான இழுபறி நடந்திருக்கும், வேருக்கு அதிகம் தெரிந்திருக்காது. இந்தப் பிப்ரவரிச் சருகுகள் அப்படித்தான் தொட்டியின் மேல் இரண்டு அங்குல உயரத்துக்குக் கிடக்கின்றன.