சுளுக்கா, எலும்பா? பிள்ளைகளின் கணுக்கால் வலி

ஆட்டத்தில் கால் உள்பக்கமாகப் பிரண்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, "சுளுக்குதான்" என்று எண்ணெய் தடவி நீவிவிடுவார்கள். முதல் இரண்டு நாளில் நீவினால் உள்கசிவு கூடி வீக்கம்தான் பெருகும். அது போக, அந்த வயதில் எலும்பு முனைகளில் வளர்தட்டு என்னும் குருத்தெலும்பு அடுக்கு எலும்பாகி மூடாமல் இருக்கும். பெரியவர்களுக்கு லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) கிழியும் அதே பிரளலில் பிள்ளைகளுக்கு எலும்பு விட்டுக்கொடுக்கலாம்.

எக்ஸ்-ரே தேவையா என்பதற்கு, கனடா மருத்துவர்கள் வகுத்து 1992இல் வெளியான ஒட்டாவா விதிகள் இன்றும் கைகொடுக்கின்றன. கணுப் பகுதியில் வலி இருந்து, அடிபட்ட உடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடி வைக்க முடியாவிட்டால் படம் எடுக்க வேண்டும். நொண்டி வைத்தாலும் அடி வைத்ததாகவே கணக்கு. இருபக்கக் கணு எலும்பின் நுனியிலோ, பின்விளிம்பில் கீழ் 6 செ.மீ.க்குள்ளோ அமுக்கினால் வலித்தாலும் எடுக்க வேண்டும்.

அமுக்குவதை ஒரே விரலால், வலிக்காத இடத்திலிருந்து தொடங்குங்கள். வெளிக்கணுவின் நுனிக்குச் சற்று முன்னே, கீழே உள்ள பள்ளத்தில் வலித்தால் லிகமென்ட். நுனிக்குச் சுமார் இரண்டு விரற்கடை மேலே, எலும்பின் மீதே வலித்தால் வளர்தட்டைச் சந்தேகிக்கலாம். படத்தில் ஒன்றும் தெரியாத இத்தகைய வலியை முன்பு வளர்தட்டு முறிவு என்றே முடிவுகட்டி மாவுக்கட்டுப் போட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் பெரும்பாலானவை லிகமென்ட் காயங்களே. கழற்றி மாட்டும் பிரேஸ் (கணுக்காலைத் தாங்கும் உறை) போதும். ஒரு வாரம் கழித்து மறுபடி அமுக்கிப் பார்க்க வேண்டும்.

தவறவிடக் கூடாதது டில்லோ முறிவு. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் அடிமுனை வளர்தட்டு ஒரே நாளில் மூடுவதில்லை. நடுவும் உள்பக்கமும் முந்திக்கொள்ள, வெளிப்பக்க முன்மூலை கடைசியாக மூடும். 12 முதல் 15 வயதில், பாதம் வெளிப்பக்கம் முறுக்கிக்கொண்டால் லிகமென்ட் அந்த மூலையைப் பெயர்த்துவிடும். வலி மூட்டின் முன்புறத்தில் இருக்கும். சி.டி.யில் பெயர்ந்த துண்டுக்கான இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் என்றால் பொதுவாக அறுவை சிகிச்சைதான்.

அடிபடாமலே வலித்தால் கணக்கு வேறு. காய்ச்சலோ, தூக்கத்தைக் கெடுக்கும் இரவு வலியோ இருந்தால் காத்திருக்காமல் படமும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். 8 முதல் 14 வயதில் குதிகாலின் இருபக்கத்தையும் உள்ளங்கைகளால் நெருக்கும்போது வலித்தால் அது குதிகால் வளர்தட்டு நோகும் செவர் நோய். பெரும்பாலும் படமே தேவையில்லை. அடிக்கடி சுளுக்குகிற, விறைத்த தட்டைப் பாதம் என்றால் பிள்ளையை நுனிக்காலில் நிற்கவைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் உள்பக்கம் சாய வேண்டும். சாயாவிட்டால் பாத எலும்புகள் இரண்டு ஒட்டியிருக்கக்கூடும். நேர்ப்படத்தில் அது எளிதில் சிக்காது. 45 டிகிரி சாய்வில் எடுத்த படமோ சி.டி.யோதான் காட்டும்.