ஜன்னல் வெயில் பச்சோந்திக்குப் போதாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஜூன் மாதக் குளிரில் ஒரு நாள், சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் அம்மாவும் மகனும் என் கால்நடை மருத்துவமனைக்குச் செருப்புப் பெட்டிக்குள் ஒரு யேமன் பச்சோந்தியைக் கொண்டுவந்தார்கள். "ரெண்டு நாளா நாக்கையே நீட்ட மாட்டேங்குது டாக்டர்" என்றான் பையன். கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. முன்னங்கால்கள் வில்லாக வளைந்திருந்தன. கீழ்த்தாடை விரலுக்கு ரப்பர் மாதிரி அமுங்கியது.

சாப்பாட்டில் குறையில்லை, தினமும் வயிறு நிறைய சிள்வண்டு போட்டிருக்கிறார்கள். கூண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா வெயில் விழுற ஜன்னல் பக்கத்துலதான் வெச்சிருக்கோம்" என்றார் அம்மா.

தவறு அங்கேதான். தின்ற கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி3 வேண்டும். பச்சோந்தி அதைத் தன் தோலிலேயே தயாரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் மேலே பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விட்டு, அந்தக் கதிரைத் தடுத்துவிடும். தீனியிலிருந்து கிடைக்காத கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். ஆகவே ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் நீளமான யூவிபி டியூப் கட்டாயம் வேண்டும், பகலில் 12 மணி நேரம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அதை மாற்றிவிடுங்கள். அதற்கு அப்புறமும் டியூப் பளிச்சென்று எரியும், கதிர் மட்டும் தீர்ந்திருக்கும்.

சூட்டுக்குத் தனி விளக்கு. அதற்கு நேர் கீழே உள்ள கிளையில் 30 டிகிரி அளவு இருந்தால் போதும், மற்ற இடம் குளிர்ச்சியாக இருக்கட்டும். உடம்பு சூடாகாமல் இதற்குச் செரிக்காது. அதனால் காலையிலேயே தீனி கொடுங்கள், மின்வெட்டு நாளில் விளக்கு வரும்வரை பொறுங்கள்.

மீன் தொட்டி வேண்டாம், காற்று தேங்கிவிடும். வலை அடித்த, உயரமான கூண்டு வாங்குங்கள்: வளர்ந்த ஆணுக்கு அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 120. ஒரு கூண்டுக்கு ஒன்றுதான். உள்ளே செம்பருத்திச் செடி வையுங்கள். யேமன் பச்சோந்தி அதன் இலையையும் கடித்துத் தின்னும்.

கிண்ணத்துத் தண்ணீர் பெரும்பாலும் அதன் கண்ணுக்குத் தண்ணீராகவே படாது. இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கும். காலையும் மாலையும் இலைகளில் தெளியுங்கள். எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறமானாலோ கண் குழி விழுந்தாலோ தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

கடையில் கிரிக்கெட் என்று விற்கும் சிள்வண்டு பெரும்பாலும் பட்டினியாகவே வருகிறது. வெறும் கூடு. ஒரு நாள் கேரட்டும் கீரையும் போட்டு வளர்த்து, கால்சியம் பொடியில் புரட்டி அப்புறம் கொடுங்கள். பச்சோந்தியின் தலை அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். மிச்சத்தை இரவில் எடுத்துவிடுங்கள், தூங்கும் பச்சோந்தியை அவை கடித்துவிடும். வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பெண்ணுக்கு அளவு இன்னும் முக்கியம். ஆண் துணை இல்லாமலே அது முட்டையிடும், அதிகம் தின்றால் முட்டையும் அதிகம். ஈர மணல் நிரப்பிய ஆழமான தொட்டி இல்லாவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு செத்துப்போகலாம். அப்படி இறந்தவற்றை என் மேசையில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நம் டர்பன் தோட்டத்து வேலிகளில் தென்படும் கருந்தலைக் குட்டைப் பச்சோந்தியைப் பிள்ளைகள் பிடித்து டப்பாவில் போட்டு எடுத்து வருகிறார்கள். அது இந்த மண்ணின் உயிர், மாகாண வனவிலங்கு அமைப்பான எஸெம்வெலோவின் அனுமதி இல்லாமல் வளர்க்கக் கூடாது. முட்டையிடாமல் குட்டி போடும் இனம் அது. நீங்கள் பிடித்தது வயிற்றில் குட்டியோடு இருக்கலாம். எடுத்த செடியிலேயே விட்டுவிட்டு, அந்த வேலியில் பூச்சிமருந்து அடிக்காமல் இருங்கள்.

சாட்ஸ்வொர்த் பச்சோந்திக்குக் கால்சியம் மருந்தும் புது டியூப்பும் கொடுத்தோம். வளைந்த கால் இனி நிமிராது, அதைப் பையனிடம் மறைக்காமல் சொன்னேன். ஆறு வாரம் கழித்து அவன் ஒரு வீடியோ அனுப்பினான். நாக்கு பாதி தூரம்தான் போகிறது. அவன் சிள்வண்டை இடுக்கியில் பிடித்து, அந்தப் பாதி தூரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறான்.