பதினைந்தாம் தேதி வரும் ஆயிரம் ரூபாய்

மாதத்தில் பதினைந்தாம் தேதி நெருங்கினால் எங்கள் வங்கிக் கிளை திறப்பதற்கு முன்பே, தமிழக அரசு தரும் மகளிர் உரிமைத் தொகையை எடுக்க வாசல்படியில் பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கரும்பும் விளைகிற பகுதி இது. ஏழு வருடமாக இங்கே கவுன்ட்டரில் இருக்கிறேன். "ஆயிரம் ரூபாயில் என்ன மாறிவிடும், சும்மா கொடுத்தால் சோம்பேறிதான் ஆவார்கள்" என்று என் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். பணத்தை எண்ணிக் கொடுக்கிற இடத்தில் இருந்து நான் பார்த்தது வேறு, அதைத்தான் எழுதுகிறேன்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. முதல் மாதமே சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குத் தலா 1,000 ரூபாய் போனது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நிலம் நன்செய் ஐந்து ஏக்கரோ புன்செய் பத்து ஏக்கரோ தாண்டக்கூடாது என்றெல்லாம் விதிகள் இருந்தன. சரி, அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பணம் ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கணவர் கரும்பு வெட்டுக்குப் போகிறவர், மனைவி களை எடுப்பு, நடவு, நூறு நாள் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஒரு மாமியாரும். வெட்டு நடக்கிற மாதங்களில் கையில் காசு புரளும். மழைக்காலத்தில் வேலை இருக்காது, நூறு நாள் வேலைக் கூலியும் எந்த வாரம் ஏறும் என்று சொல்ல முடியாது. வருடம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் எப்படியோ சாப்பிட்டுவிடலாம், ஆனால் இந்த வாரம் பையனுக்குக் காய்ச்சல் என்றால் ஐந்நூறு ரூபாய்க்கு யார் வீட்டு வாசலிலாவது போய் நிற்க வேண்டும். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி, அதையும் முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு அறுபது சதவீதம். நாங்கள் நகைக்கடனுக்கு வாங்குவதைப் போலப் பல மடங்கு. அடகு வைக்கக் கம்மல்கூட இல்லாதவர் அந்த வட்டிக்குத்தான் போயாக வேண்டும்.

உரிமைத் தொகை வந்த பிறகு இந்த வீட்டில் முதலில் நின்றது அந்தச் சின்னச் சின்னக் கைமாற்றுகள்தான். பெரிய கடன் அப்படியே இருக்கிறது, ஆயிரம் ரூபாயில் அது தீராது. ஆனால் பதினைந்தாம் தேதி பணம் வரும் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். மளிகைக் கடையில் முன்பெல்லாம் பற்று நோட்டில் எழுதித்தான் எண்ணெயும் பருப்பும் வாங்குவார், கடைக்காரர் சொன்னதுதான் விலை. இப்போது ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய் நாலு கடை பார்த்து வாங்குகிறார். அரிசி ரேஷனில் வந்துவிடுகிறது, அதனால் இந்தப் பணம் முட்டை, பால், நோட்டுப் புத்தகம், சிலிண்டர் என்று போகிறது.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொரு விஷயம். முன்பு மழைக்காலத்தில் ஒரு நிலக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அறுப்பு வந்ததும் அவர் சொன்ன கூலிக்கு அவர் நிலத்துக்கே போயாக வேண்டும், பக்கத்து ஊரில் கூடக் கொடுத்தாலும் போக முடியாது. போன வருடம் அந்தப் பெண் முன்பணம் வாங்கவில்லை. கூலி அதிகம் கிடைத்த இடத்துக்குப் போனார், அதிக நாள் போனார். இதை நான் எப்படிச் சோம்பேறித்தனம் என்று சொல்வது?

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2011-ல் மத்தியப் பிரதேசத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் உதவியோடு சில கிராமங்களில் நிபந்தனை எதுவும் இல்லாமல் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தது. முதலில் பெரியவருக்கு 200, பிள்ளைக்கு 100, பிறகு 300, 150. அங்கேயும் மக்கள் வேலையை விடவில்லை. சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள், ஆடு மாடு வாங்கினார்கள், பிள்ளைகளின் சாப்பாடு தேறியது.

குடிப்பதற்குப் போகாதா என்று கேட்பீர்கள். போகிற வீடுகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பெரும்பாலும் அங்கே ஏடிஎம் கார்டு கணவர் சட்டைப் பையில் இருக்கும், ரகசிய எண் கார்டு உறையிலேயே எழுதியிருக்கும், கணக்கில் உள்ள மொபைல் நம்பரும் அவருடையதாகவே இருக்கும். பணம் வந்த குறுஞ்செய்தி அந்த அம்மாவுக்கு வரவே வராது. அக்கா, தங்கைகளே, உங்கள் கணக்கில் எந்த நம்பர் இருக்கிறது என்று அடுத்த முறை வங்கிக்கு வரும்போது கேளுங்கள். உங்கள் நம்பர் இல்லையென்றால் ஒரு படிவம் எழுதிக் கொடுத்து மாற்றிவிடலாம்.

பணம் வழியில் தங்கிவிடுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதில்தான் அரசுப் பணம் போய் விழும். குழுக் கடனுக்காக வேறு வங்கியில் ஒரு கணக்குத் திறந்து, அங்கே ஆதாரையும் இணைத்துவிட்டு, எங்களிடம் வந்து பணம் வரவில்லை என்று அழுத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். எட்டு மாதப் பணம் அந்தக் கணக்கில் பத்திரமாக இருந்தது. எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம், படித்த பிள்ளை யாராவது ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

அப்புறம் பிடித்தம். திட்டம் தொடங்கிய முதல் மாதமே குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பல பெண்களின் ஆயிரத்தில் வங்கிகள் கைவைத்தன. அந்த வரிசையில் நானும் ஒரு ஊழியனாக உட்கார்ந்திருந்தேன், நானூறு ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு எதுவும் கேட்காமல் போன பாட்டியின் முகம் இன்னும் மறக்கவில்லை. அது தவறு. அப்படிப் பிடித்தால் 1100 என்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம் என்று அரசே பிறகு அறிவித்தது. ஜன்தன் போன்ற அடிப்படை சேமிப்புக் கணக்குக்கு குறைந்தபட்ச இருப்பே கிடையாது. உங்களுடையது சாதாரணக் கணக்காக இருந்தால் அப்படி மாற்றித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வங்கி கேட்கவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் 14448-க்குப் பேசுங்கள்.

ஊரில் கைரேகை மெஷின் வைத்திருக்கும் வங்கி முகவருக்கு வங்கியே கமிஷன் தருகிறது. ஆயிரத்துக்கு இருபது, முப்பது என்று அவர் உங்களிடம் கேட்கக்கூடாது. விரல் வைத்ததும் ரசீது வாங்குங்கள். "ரேகை விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்றால் முதல் தடவைக்கான சீட்டையும் கேட்டு வாங்குங்கள். உரிமைத் தொகை ஆபீசிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் பேசுங்கள்.

என் மனதில் உள்ள ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்த எண்ணெயும் பருப்பும் காலம் போகப் போக அதே ஆயிரத்துக்குக் கிடைக்காது. எங்களுக்கு விலைவாசி ஏறினால் பஞ்சப்படி ஏறுகிறது. இவர்களுக்கும் அப்படி ஏற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நான் சொன்ன அந்தக் கரும்பு வெட்டுக் குடும்பத்துப் பெண் போன மாதம் கவுன்ட்டருக்கு வந்து, மகளுக்குச் செல்வமகள் கணக்குத் திறக்க வேண்டும் என்றார். சிறுமிக்கு ஏழு வயது. "மாசம் இருநூறு போட்டுடுவேன் சார். ஐப்பசி, கார்த்திகையில மட்டும் கட்ட முடியாது. பரவாயில்லையா?" என்று கேட்டார். வருடத்துக்கு இருநூற்றைம்பது கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும், கட்ட முடியாத மாதத்தில் விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் படிவத்தைக் கொடுத்தேன்.